தறிச் சத்தத்தில் கேட்ட கேள்வி

ஓய்வு பெற்றவளை நிம்மதியாக உட்கார விடக்கூடாது என்று நித்யா முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. "புதுசா சேர்ந்திருக்கறவங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க மேடம்" என்று போன் மேல் போன். அவள் சொல்லும் புதியவர்கள் நீங்கள்தான். சட்டம் படித்துவிட்டு வந்த சிலர், செயலியின் திரைகளை வடிவமைக்க வந்த சிலர். உங்களில் யாரையும் நான் பார்த்ததில்லை. என்னைப் பற்றி அவள் என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ தெரியாது. எரிந்து விழுவேன் என்று சொல்லியிருந்தால் அது உண்மைதான்.

நாமக்கல் நீதிமன்றங்களில் நெடுநாள் வக்கீலாக இருந்தேன். முழங்கால் தேய்ந்து, நீதிமன்றப் படிகளைப் பார்த்தாலே கோபம் வர ஆரம்பித்தபோது கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் சேலம் அலுவலகத்துக்கு வந்தேன். வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். கைபேசியில் ஒருவர் பேசியோ எழுதியோ சட்டக் கேள்வி கேட்பார். ஏஐ சாட்பாட் பதில் சொல்லும். எந்தப் பதிலில் அதற்கே சந்தேகம் இருக்கிறதோ, அதை வக்கீல்கள் பார்த்துத் திருத்துவார்கள். அந்த வக்கீல்களில் ஒருத்தியாக இருந்தேன். போன வருடம் அதையும் விட்டேன்.

சாட்பாட் இல்லாத தீர்ப்பை இருப்பதாகச் சொல்லும், ரத்தாகிப்போன சட்டப்பிரிவை எடுத்து நீட்டும், எல்லாவற்றையும் துளி வெட்கமில்லாமல் சொல்லும் என்று உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள். அதைப் பிடிக்க ஒரு சட்டப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் போதும். நான் சொல்லப்போவது அந்த மாதிரித் தப்பைப் பற்றி இல்லை. சாட்பாட் ஒரு சொல்கூடத் தப்பாகச் சொல்லாத ஒரு சம்பவத்தைப் பற்றி. அதன் சரியான பதில்களுக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் வாழ்க்கை கை நழுவிப் போகப் பார்த்தது.

அதற்கு முன் என் சீனியரைப் பற்றி நாலு வரி. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வக்கீல் ஆபீசுக்கு முதல் தடவை வருகிறவர் தனக்காக வருவது அபூர்வம். மச்சானுக்காக வருவார், பங்காளிக்காக வருவார், பக்கத்து வீட்டுக்காரருக்காக வருவார். வீட்டு விஷயம் வாசலைத் தாண்டுவது அவ்வளவு பெரிய மானக்கேடு. ஒருநாள் ஒருவர் வந்தார். மச்சானை அவர் மகனே அடித்துவிட்டான், போலீசுக்குப் போகலாமா என்று கேட்டார். கேட்கும்போதே இடது கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தார். என் சீனியர் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மச்சான் காப்பி குடிப்பாருங்களா, மோருங்களா?" என்று கேட்டார்.

"மோருங்க" என்றவர், சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மோர் வந்தது. கடைசி வரைக்கும் அந்த மச்சானுக்குத்தான் யோசனை சொன்னார் சீனியர். வந்தவர் போன பிறகு, நேராகவே கேட்டிருக்கலாமே என்று சீனியரிடம் சொன்னேன். "போர்வையப் புடுங்குனா ஆளு எந்திரிச்சுப் போயிருவாரும்மா. போத்திக்கிட்டே இருக்கட்டும். காயம் எங்கன்னு நமக்குத் தெரிஞ்சாச் சரி" என்றார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது நம் செயலிக்கு வருகிறேன். அன்றைக்கும் முதல் திரையில் "யாருக்காகக் கேட்கிறீர்கள்?" என்ற கேள்விதான் இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். எனக்காக, வேறொருவருக்காக. "எனக்காக" என்று அழுத்தினால் சாட்பாட் முதலில், "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா, இப்போது பேச முடியுமா" என்று விசாரிக்கும். "வேறொருவருக்காக" என்றால் அந்த விசாரிப்பு கிடையாது. நேரே பதில். பதிலின் கடைசியில், "சம்பந்தப்பட்டவரை நேரடியாக எங்களிடம் கேட்கச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். தனக்கில்லாத ஆபத்தைப் பற்றி ஒருவரை எதற்குத் துருவ வேண்டும்?

நித்யா அப்போது திரைகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தாள். செயலியில் மக்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்பது அவள் வேலை. குமாரபாளையத்துப் பெண். வீட்டில் விசைத்தறி ஓட்டிப் படிக்க வைத்தார்கள். ஒரு சித்திரை மாதக் காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், ஒரு யூசர் என் உசுர வாங்கறாங்க. பேசறது பாதிதான் பதியுது. அவ்வளவு சத்தம். சத்தமில்லாத எடத்துக்குப் போயிப் பேசுங்கன்னு ஆப் சொல்லிட்டே இருக்கு. கேக்கவே மாட்டேங்கறாங்க. திரும்பத் திரும்ப அதே எடத்துல இருந்தே பேசறாங்க."

கேள்வி கேட்ட அந்தப் பெண் தன் குரல்பதிவைக் கேட்க அனுமதி கொடுத்திருந்தார். பதிவான சட்டச் சொற்கள் சரிதானா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் நித்யா வந்திருந்தாள். காதில் மாட்டிக்கொண்டேன். தறிகள் தடதடத்தன. அதற்கு அடியில், போனை உதட்டோடு ஒட்டி வைத்துப் பேசும் ஒரு பெண் குரல்.

"ஏனுங்க, எங்க பக்கத்து ஊட்டு அக்காங்க. அவங்க புள்ளைக்குக் கண்ணாலம் பேசிப் பூ வெச்சுட்டாங்க. வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல வெச்சுத் தாலி கட்டறாங்க. அக்காவுக்கு இஷ்டமில்லீங்க. புள்ளைக்குப் பதினெட்டு ஆச்சுங்க. அக்கா தடுக்க முடியுங்களா?"

சாட்பாட் பதில் சொல்லியிருந்தது. பதினெட்டு நிறைந்த பெண்ணின் திருமணம் அவளுடைய சம்மதத்தைப் பொறுத்தது, தாய்க்கு விருப்பமில்லை என்பது மட்டும் தடுக்கக் காரணமாகாது, பெண்ணுக்கே விருப்பமில்லை என்றால் அவளே புகார் கொடுக்கலாம். சரியான பதில். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த பதிவு. "பதினேழுன்னா வேற மாதிரிங்களா?"

அதற்கும் சரியான பதில். பதினெட்டு நிறையாவிட்டால் அது குழந்தைத் திருமணம், குற்றம், மாப்பிள்ளைக்கும் ஏற்பாடு செய்தவர்களுக்கும் கடுங்காவல் சிறை, உடனே புகார் செய்யுங்கள்.

அதற்கடுத்த பதிவு. "இல்லீங்க. பதினெட்டுதானுங்க."

"தெளிவுபடுத்தியதற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு, சாட்பாட் முதலில் சொன்ன பதிலையே மறுபடி சொல்லியிருந்தது. அந்த நன்றியைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயில் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பெண் பின்வாங்கியிருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். இங்கே முகமும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. எந்தப் பதிலிலும் சாட்பாட்டுக்குச் சந்தேகம் வராததால் எதுவும் எங்கள் பார்வைக்கு வரவும் இல்லை.

இன்னொரு பதிவு இருந்தது. "அந்தப் புள்ள ரெண்டு வாயி வெச்சுட்டுத் தட்டைத் தள்ளிருதுங்க. பொஸ்தகத்தயெல்லாம் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. கூப்புட்டா நிமுந்துகூடப் பாக்கறதில்ல..." பாதியில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் தட்டில் இரண்டு வாய்தான் வைத்தாள் என்று யாருக்குத் தெரியும்? துண்டுக்குள் மறைத்த அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது.

நித்யா அந்தக் கடைசிப் பதிவை இரண்டாவது தடவை போட்டாள். அவள் முகம் மாறிவிட்டது.

"மேடம், இங்க கட்டானது நெட் இல்ல. கரண்ட். தறி நிக்கற சத்தம் கேளுங்க, ஒண்ணொண்ணா அடங்குது பாருங்க. தறி நின்னதும் பேச்சையும் நிறுத்திட்டாங்க." பதிவை நிறுத்தினாள். "சத்தத்துல மாட்டிக்கிட்டுப் பேசறாங்கன்னு நெனச்சேன். சத்தம் இருந்தாத்தான் மேடம் அவங்களால பேசவே முடியுது. நாம அவங்கள அமைதியான எடத்துக்குப் போங்க போங்கன்னு வெரட்டிக்கிட்டே இருந்திருக்கோம்."

இன்னொரு பதிவின் ஓரத்தில் ஓர் ஆண் குரல், "போனு எங்கடி?" என்று கத்தியது. அந்த வீட்டில் ஒரே போன், அதுவும் பொதுப் போன். அதைக் கேட்டதும் நித்யா இன்னொன்றைச் சொன்னாள். சாட்பாட் பதில் அனுப்பும்போது, போனைத் திறக்காமலேயே மேலே ஒரு வரி தெரியும். அதில் கேள்வியின் தலைப்பும் இருக்கும். "குழந்தைத் திருமணம்: உங்கள் பதில் தயார்." அதோடு, செயலியைத் திறந்தால் பதிலைத் தானாகவே உரக்கப் படிக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நாங்களே ஆசை ஆசையாகச் செய்து வைத்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிறு கல்யாணம்.

நிறுவனத் தலைவரிடம் போனோம். நல்ல பையன், கெட்டிக்காரன், கொஞ்சம் அவசரக்காரன். "நம்பரைக் குழந்தைகள் உதவி மையத்துக்குக் குடுத்துருவோம் மேடம். நம்ம கடமை முடிஞ்சுது" என்றான்.

"யாரு கடமை முடிஞ்சுது? உதவி மையத்துல இருந்து அந்த நம்பருக்குக் கூப்புடுவாங்க. போனை யாரு எடுப்பா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு. கத்தினேன்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான். நாங்கள் யோசித்துக்கொண்டே இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் பொறுப்பில் இருந்த அதிகாரியை எனக்கு நீதிமன்ற நாட்களிலிருந்தே பழக்கம். அவரைக் கூப்பிட்டு எண்ணைக் கொடுக்காமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"புள்ள எந்தப் பள்ளிக்கூடம்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் மேடம்" என்றார் அந்த அம்மா. "வயசுக்கு அங்கயே பதிவு இருக்கு. பள்ளிக்கூடத்துல இருந்து தகவல் வந்ததா வெச்சு உள்ள போயிருவோம். வீட்டுல யாரு மேலயும் சந்தேகம் வராது. ஆனா நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல என்னால காத்திருக்க முடியாது. அதுக்கப்புறம் நம்பரையே குடுங்க, நடக்கறது நடக்கட்டும்."

சரி என்றேன். ஒரு பொழுதை வாங்கிவிட்டேன். அது நல்லதா கெட்டதா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்படி ஒரு பொழுதை உங்களுக்கும் யாராவது கொடுப்பார்கள். அப்போது பயமாகத்தான் இருக்கும், பயப்படாதது போல நடிக்க வேண்டாம்.

நித்யா மதியத்துக்குள் இரண்டையும் மாற்றினாள். போனின் மேல் தெரியும் வரியில் தலைப்பு போய் "ஒரு செய்தி" என்று மட்டும் ஆனது. உரக்கப் படிப்பது நின்றது. அந்தப் பெண் மறுபடி வந்தால் சாட்பாட் ஒதுங்கிக்கொண்டு எனக்கு வழிவிடும்படியும் செய்தாள். இவ்வளவு அவசரமாகக் கை வைத்தால் வேறெதாவது உடையும் என்று பொறியாளர்கள் முணுமுணுத்தார்கள். "உடையட்டும்" என்றாள். நித்யாவை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது.

முதல் வரி என்ன எழுதுவது என்பதில்தான் நானும் அவளும் மோதிக்கொண்டோம். "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? உங்கள் மகளுக்கு நாங்கள் உதவுகிறோம்" என்று எழுதி வைத்திருந்தாள். மனசு நிறைய அக்கறை. ஆனால் "உங்கள் மகள்" என்ற சொல்லைப் பார்த்த நொடியில் அந்தப் பெண் செயலியையே அழித்துவிட்டுப் போயிருப்பாள். பக்கத்து வீட்டு அக்கா அப்படியே இருக்கட்டும் என்றேன்.

புதன்கிழமை காலை முழுவதும் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி வாக்கில், அவள் செயலியைத் திறந்துவிட்டாள் என்று காட்டும் பச்சைப் புள்ளி திரையில் வந்தது. தறிச் சத்தம். நான் தட்டச்சு செய்தேன். அவள் பேசுவது போலவே எழுதினேன்.

"அம்மா, இப்ப எழுதறது மெஷினில்லீங்க. நான் வக்கீலுங்க, பொம்பளதானுங்க. உங்க பக்கத்து ஊட்டு அக்கா சமாச்சாரத்தப் படிச்சேன்."

வெறும் தறிச் சத்தம் ஒரு பதிவாக வந்தது. பேச வாயெடுத்து நிறுத்திவிட்டாள் போல. நித்யா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சொல் வந்தது.

"சொல்லுங்க."

"புள்ளைக்கு என்ன வயசுன்னு நான் கேக்கலீங்க. பதினெட்டு நெறையாத புள்ளையா இருந்தா அக்கா என்ன பண்ணோணுமோ அதச் சொல்றேன். அக்காகிட்டச் சொல்லிருங்க."

"அக்கா ஊட்டுக்காரரைப் புடிச்சு உள்ள போட்டுருவாங்களாங்க? அவரு கெட்டவரில்லீங்க. அவங்கம்மாவுக்குச் சீக்கு. பேத்தி கண்ணாலத்தப் பாத்துட்டுத்தான் கண்ண மூடுவேங்கறாங்க. அம்மா சொல்லத் தட்ட மாட்டாரு. அவ்வளவுதானுங்க."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடம்தான். "போட மாட்டாங்க" என்று நான் எழுதியிருந்தால் அடுத்த நிமிஷமே பள்ளியின் பெயரைச் சொல்லியிருப்பாள். என் விரல் அந்தச் சொல்லுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன என்று மனசு கேட்டது. ஆனால் அவள் என்னை நம்பித் தன் புருஷனையே என் கையில் வைக்கப் போகிறாள். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாக எழுத எனக்கு மனசு வரவில்லை.

"கண்ணாலம் நடந்துருச்சுன்னா கேசு வருமுங்க. அவரு மேலயும் வரும், மாப்பிள்ளை மேலயும் வரும். நடக்கறதுக்கு முந்தி நிறுத்துனா, சத்தம் போட்டு எழுதி வாங்கிட்டு உட்டுருவாங்க. அதுதான் வழக்கம். ஆனா நான் சத்தியம் பண்ணித் தர முடியாதுங்க."

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. "பயந்துட்டாங்க மேடம்" என்றாள் நித்யா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு குரல் வந்தது.

"அந்த மெஷினு ஜெயிலுன்னு மட்டுந்தானுங்க சொல்லுச்சு. முந்தியே நிறுத்துனா உட்டுருவாங்கன்னு அது சொல்லவே இல்லீங்களே."

சொல்லவில்லைதான். அவள் கேட்கவில்லை, அது சொல்லவில்லை. அவ்வளவு நாளும் அந்தப் பெண் தன் மகளா, தன் புருஷனா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லப்பட்டதாக நினைத்துக்கொண்டு தறிக்கு நடுவில் நின்றிருக்கிறாள்.

"யாரு சொன்னதுன்னு வெளிய தெரிஞ்சு போயிருங்களா?" என்று கேட்டாள்.

"ஆபீசருங்க சொல்ல மாட்டாங்க. புள்ள எந்தப் பள்ளிக்கூடம்னு தெரிஞ்சா, அங்கிருந்து தகவல் வந்த மாதிரி ஆயிரும். அக்காகிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?"

தறிகள் ஒவ்வொன்றாக அடங்கும் சத்தம் கேட்டது. கரண்ட் போய்விட்டது. பச்சைப் புள்ளியும் அணைந்தது.

எந்த ஊரில் கரண்ட் போனது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. எங்கள் தலைக்கு மேல் மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. "எங்கூர்ல இப்படிப் போச்சுன்னா எப்ப வரும்னு சொல்ல முடியாது மேடம்" என்றாள் நித்யா. வெயில் சாய்ந்தது. அதிகாரி அம்மா கூப்பிட்டார். "நம்பரைக் குடுத்துருங்க மேடம், இனித் தாங்காது." விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினேன். வாழ்க்கையில் நான் கெஞ்சியது குறைவு. வைத்த போனைப் பார்த்துக்கொண்டே, தப்புச் செய்கிறேனோ என்று நினைத்தேன். கொடுத்தால் அவள் முதுகில் அடி விழலாம். கொடுக்காமல் விட்டால் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறலாம். இதில் எது பெரிது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் போடவில்லை.

தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தபோது பச்சைப் புள்ளி வந்தது. இந்தத் தடவை குரல் இல்லை. எழுத்துக் கூட்டி எழுதிய ஒரு வரி. ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர், பெண்ணின் பெயர், வகுப்பு. அதற்குக் கீழே, "அக்கா சொல்லச் சொன்னாங்க."

மறுநாள் அதிகாரிகள் போனார்கள். பள்ளியின் தலைமை ஆசிரியை பதிவேட்டோடு கூடப் போனார். பெண்ணுக்குப் பதினாறு. கல்யாணம் நின்றது. எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். கேஸ் போடவில்லை. சொந்தக்காரர்கள் தலைமை ஆசிரியையைப் பள்ளி வாசலிலேயே மறித்துக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டார்களாம். அவர், "ஆமாங்க, நான்தான் சொன்னேன். இன்னமும் சொல்லுவேன்" என்றாராம். முந்தைய நாள் வரைக்கும் அவருக்கு இந்த விஷயமே தெரியாது. அந்தத் தலைமை ஆசிரியையை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பள்ளி திறந்ததும் பெண்ணை அரசு விடுதியில் சேர்த்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு தலைவர் பையன் ஒரு யோசனை சொன்னான். "வேறொருவருக்காகன்னு சொல்றவங்க பாதிப் பேரு தனக்காகத்தான் கேக்கறாங்கன்னா, அந்தப் பொத்தானையே எடுத்துரலாமே மேடம்?" எடுத்தால் அவர்கள் வாசலுக்கே வர மாட்டார்கள் என்றேன். பொத்தான் இருக்கிறது. பாதுகாப்பு விசாரிப்பு மட்டும் இப்போது எல்லாரிடமும் போகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்காக வந்தவரிடம், "உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பாதுகாப்பாக இருக்கிறாரா? அவரால் இப்போது பேச முடியுமா?" என்று கேட்கும். சத்தமில்லாத இடத்துக்குப் போகச் சொல்லும் வரியை நித்யா எடுத்துவிட்டு, "சத்தம் அதிகமாக இருக்கிறது. பரவாயில்லை, எழுதியும் கேட்கலாம்" என்று போட்டாள். அந்த வரி நீளமாக இருக்கிறது, திரையில் இடம் அடைக்கிறது என்று உங்களில் யாராவது வெட்டினால், முழங்கால் வலியோடு நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி வருவேன்.

சாட்பாட் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கேட்டதற்குப் பதில் சொல்வது அதன் வேலை, அதை ஒழுங்காகச் செய்தது. ஒருவர் ஏன் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், நடுவில் ஏன் வயதை மாற்றுகிறார், ஏன் அந்த இடத்திலிருந்தே பேசுகிறார் என்று யோசிக்கத்தான் உங்களுக்கும் எனக்கும் சம்பளம். சாட்பாட் தடுமாறிய பதில்கள் தானாக உங்கள் மேசைக்கு வந்துவிடும். அது தடுமாறாமல் சொன்ன பதில்களிலும் தினம் கொஞ்சம் எடுத்துப் படியுங்கள். யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் படியுங்கள்.

நான் விலகுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த வாரத்தில், நித்யா மறுபடி மடிக்கணினியோடு வந்தாள். "மேடம், அதே யூசர். ஆனா இதுல சத்தமே இல்ல" என்றாள். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்ற இடத்தில் "எனக்காக" என்று அழுத்தியிருந்தது. பாதுகாப்பு விசாரிப்புக்கு "இருக்கறனுங்க" என்று பதில். காதில் மாட்டிக்கொண்டேன். தறி ஓடவில்லை. எங்கோ ஒரு கோழி கூவியது. அதே குரல். ஆனால் போனை உதட்டில் ஒட்டிக்கொள்ளாமல், கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி பேசியது.

"எம் பொண்ணு பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டாளுங்க. நர்சிங் சேரோணுங்கறா. அவங்கப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறாருங்க. நான் அம்மா, நான் போட்டாச் செல்லுங்களா? இன்னைக்குத் தறிக்கு லீவுங்க. அவரு எதுத்தாப்புலதான் உக்காந்திருக்காரு. கேட்டாக் கேட்டுக்கட்டும்."

அப்போது ஓர் ஆண் செருமும் சத்தம் கேட்டது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும், எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.